ஆற்றறை

கோமதிநாயகத்துக்குச் சம்பளமே கதவைத் திறக்காமல் இருப்பதற்குத்தான். திறப்பதென்றால் யார் வேண்டுமானாலும் திறந்துவிடுவார்கள். அரைநாள் பூராவும் ஒரு மனுஷர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு தனிப் பொறுமை வேண்டும். அது அவருக்கு அப்பா வழியில் வந்தது. அவர் அப்பா தென்காசியில் ரேஷன் கடை வைத்திருந்தவர்.

நிலாவின் தென்முனையில் இரண்டு ஊர். ஒன்று மேடு. எப்போதும் வெயில், அதனால் கரண்டுக்குப் பஞ்சமில்லை. இன்னொன்று அதற்குக் கீழே, என்றைக்கும் வெயிலே படாத குழி. அங்கே பாறைக்குள் பனிக்கட்டி. அதனால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மேட்டுக்காரர் கரண்டு கொடுக்க, குழிக்காரர் தண்ணீர் கொடுக்க, இரண்டு ஊரும் பிழைத்துக் கிடந்தன. சனங்கள் எல்லாம் ஒரே ஜில்லாவிலிருந்து, ஒரே ராக்கெட்டில், ஒரே புளியோதரைப் பொட்டலத்தைத் தின்றுகொண்டு வந்து இறங்கியவர்கள்தாம். யாருக்கு எந்த ஊர் என்பது, இறங்கிய அன்றைக்கு வரிசையில் யார் முன்னால் நின்றார்கள் என்பதைப் பொறுத்தது.

இரண்டுக்கும் நடுவில் ஓர் அறை. டீயை ஆற்றுவது போல அங்கே மனுஷரை ஆற்றுவார்கள். அதனால் அதற்கு ஆற்றறை என்று பெயர். குழியிலிருந்து வடவண்டியில் ஏறி வருகிறவர், உள்ளே போய்ச் செம்புத் தூணைப் பிடித்துக்கொண்டு அரைநாள் உட்கார வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மைனஸ் மின்சாரம் எல்லாம் இறங்கிய பிறகுதான் மேட்டுக்குள் விடுவார்கள்.

ஆரம்பத்தில் இதற்கு நியாயம் இருந்தது. முதல் வருஷம் குழியிலிருந்து வந்த ஒருவர், விண்ணுடுப்போடு ஆக்ஸிஜன் குழாயைத் தொட்டார். பொறி பறந்தது, இரண்டு பேர் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு சரிவு நெடுகச் செம்பு வடம் போட்டு இரண்டு ஊர் மண்ணையும் இணைத்தார்கள். வண்டி வந்து கொக்கியில் மாட்டிய மறுகணமே மைனஸும் பிளஸும் சமமாகிவிடும். ஆபத்து போயிற்று, அரைநாள் மட்டும் போகவில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் கஞ்சியையே குடிக்கிற வீடுகள் இல்லையா, அப்படி.

அன்றைக்கு ஆற்றறையில் உட்கார்ந்திருந்தது டாக்டர் பிலோமினா. இரண்டு ஊருக்கும் அவர் ஒருவர்தான் டாக்டர். ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் நிறைய வேண்டும் என்பதால் குழியில் இருந்தார். மேட்டில் இருந்தது ஒரு கம்பவுண்டர். ரத்தத்தைக் கண்டால் முதலில் அவருக்கு ஊசி போட வேண்டும்.

"தம்பி, உங்க வீட்டுக்காரிக்கு எத்தனை நேரமா வலி?" என்றார் டாக்டர், ஒலிபெருக்கியில்.

"காலையில இருந்து டாக்டரம்மா. ஆனா நாள் இன்னும் கெடக்கே."

"அது வயித்துல இருக்கதுக்கில்லா தெரியணும். கதவத் தொறங்க."

கோமதிநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார். அரைநாளில் ஒரு துண்டு கூடக் கழியவில்லை. ஆறும் முன்னே குழிக்காரரை உள்ளே விட்டால், விட்டவருக்கு மேட்டில் இருப்பு கிடையாது. பெண்டாட்டி பிள்ளையோடு குழிக்கு அனுப்பிவிடுவார்கள். விதியை எழுதிக் கதவுக்கு மேலே மாட்டியிருந்தது. அவருக்கு அது மனப்பாடம். தூக்கத்தில் உளறுவார் என்று உலகு சொல்லிச் சிரிப்பாள்.

உலகம்மாள் அவர் மனைவி. மேட்டின் உச்சியில் உள்ள நிலையத்தில் சூரியக்காற்றை அளக்கிற வேலை. காற்று என்றால் நம் வேப்பமரக் காற்று இல்லை. சூரியன் சதா ஊதித் தள்ளிக்கொண்டே இருக்கும் பொடிப்பொடித் துகள். அதன் வேகம் என்ன, சூடு என்ன, அதில் என்ன கலந்து வருகிறது என்று பார்த்துச் சொல்வாள். அவள் சொல்வதை மேட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். சம்பளம் மட்டும் ஒழுங்காக வந்தது.

இப்போது அவளைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, கம்பவுண்டர் கதவு வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடி வழியாகவாவது டாக்டர் பார்க்கட்டும் என்று.

"ஏங்க," என்றாள் உலகு, பல்லைக் கடித்தபடி. "அந்தம்மாவ இன்னுமா ஊறப் போட்டிருக்கீக?"

"விதி அப்படி இருக்கு உலகு."

"விதியக் கொண்டுபோய் உப்புல போடுங்க."

சேதி அதற்குள் பரவி, மேட்டை ஆளும் சங்கத்தின் தலைவர் ஆவுடையப்பன் வந்துவிட்டார். ஆர்ட் சில்க் வேட்டி, அதே சில்க்கில் அங்கவஸ்திரம், நெற்றியில் பெரிய குங்குமம். நிலாவில் உடம்பு எடை ஆறில் ஒரு பங்குதான். அஜாக்கிரதையாகக் கால் வைத்தால் துள்ளிவிடும். குழிக்காரர்கள் துள்ளித் துள்ளித்தான் போவார்கள். மேட்டில் மரியாதைப்பட்டவர்கள் துள்ள மாட்டார்கள். தரையிலிருந்து காலை எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள். அதற்கென்றே தெருவெல்லாம் நைலான் கம்பளம் விரித்திருந்தது. தலைவர் தன் வீட்டிலிருந்து கதவு வரை அவ்வளவு தூரத்தையும் தேய்த்தே வந்து சேர்ந்தார்.

"என்னல கோமதி, கதவுல கை வச்சிட்டு நிக்க?"

"சும்மா அண்ணாச்சி. சாய்ஞ்சிருக்கேன்."

"சாயாத. சாயிற எடமா அது." ஆவுடையப்பன் கண்ணாடி வழியாக டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். தொடாமல் தள்ளி நின்று கும்பிடுவதில் அவருக்கு நிகர் கிடையாது. "டாக்டரம்மா கோவிச்சிக்கிடக் கூடாது. தனிப்பட்ட முறையில உங்க மேல எனக்கு மதிப்பு உண்டு. ஆனா பாருங்க, சூரியக்காத்து வரும்போதே பிளஸ்ஸாத்தான் வருது. அது நம்ம மேட்டுல நேரா படுது. அதுல கழிஞ்சது, தள்ளுபடி ஆனது, அந்த மைனஸ் எல்லாம் குழியில போய்த் தேங்குது. இது நான் சொல்லல. இயற்கை சொல்லுது."

"இயற்கை எப்ப ஒங்ககிட்ட வந்து சொல்லிச்சி?" என்றாள் உலகு, படுத்த வாக்கிலேயே.

"நீ பேசாமக் கெட தாயி. வலியில இருக்க."

"வலியில இருக்கவதான் பேசுவா. அந்தக் காத்த தெனமும் அளக்கது நானு. அதுல பிளஸ்ஸும் வருது, மைனஸும் வருது. சரிக்குச் சரி. பொண்ணு வீட்டாரும் மாப்ள வீட்டாரும் ஒரே பஸ்ஸுல வந்த மாதிரி. கூட்டிக் கழிச்சா பஸ்ஸுக்குன்னு ஒரு கட்சி கெடையாது."

"பொறவு குழியில மட்டும் எப்படி மைனஸ் தேங்குச்சாம்?"

உலகு வாயைத் திறப்பதற்குள் வலி வந்து அவளை வளைத்துப் போட்டது. கோமதிநாயகம் கையை நீட்ட, அவள் அதைப் பிடித்து முறுக்கினாள். வலி போன பிறகு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

"மைனஸுங்கது எலக்ட்ரான். சுண்டெலி மாதிரி. குட்டி, ஓட்டம் ஜாஸ்தி, எந்தப் பக்கமும் திரும்பும். பிளஸ்ஸுங்கது புரோட்டான். தலைவர் அண்ணாச்சி மாதிரி. கனம். நேரா போய்க்கிட்டே இருக்கும், திரும்பத் தெரியாது. ரெண்டும் சேந்துதான் மேட்ட தாண்டிப் போவுது. குழி ஓரத்துல வரும்போது எலி உள்ள தாவிருது. கனமானது தாண்டிப் போயிருது. குழியில மைனஸ் சேர்றது அவ்வளவுதான் கதை. காத்து ஒரு பாவமும் பண்ணல."

"அப்ப நம்ம மேடு பிளஸ் இல்லங்கியா?"

"பிளஸ்தான். எப்படின்னு கேளுங்க. வெயில் அடிச்சி அடிச்சி நம்ம மண்ணுல கெடந்த எலியையும் வெரட்டிட்டு. நமக்கு ஒண்ணும் கூட வரல அண்ணாச்சி. உள்ளதும் போச்சு. அதுக்குப் பேருதான் பிளஸ்ஸு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டினார். "கம்பவுண்டரே, போர்வைய விலக்கிப் பாரும். என்ன தெரியுது?"

கம்பவுண்டர் பார்த்தார். "டாக்டர், ஒரு... விரல் மாதிரி..."

"கை விரலா, கால் விரலா?"

கம்பவுண்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெள்ள உட்கார்ந்துவிட்டார். "காலு," என்றது அவர் குரல், கீழேயிருந்து.

பயப்பட வேண்டாம். இந்தக் கதையில் யாரும் சாகப் போவதில்லை. ஆனால் கோமதிநாயகத்துக்கு அது தெரியாதே.

"தம்பி," டாக்டரின் குரலில் கேலி இல்லை. "புள்ள தலைகீழா இல்ல, நேரா வருது. நான் கை வச்சே ஆகணும். இப்பவே. நேரம் போச்சின்னா ரெண்டு பேருல ஒருத்தர்தான். சில சமயம் அதுவும் கெடையாது."

"அண்ணாச்சி," என்றார் கோமதிநாயகம். கதவைக் கையால் காட்டினார்.

ஆவுடையப்பனும் கல் இல்லை. அவருக்கும் மூன்று பிள்ளைகள். ஆனால் அவருக்குப் பின்னால் அதற்குள் முப்பது நாற்பது பேர் தேய்த்துக்கொண்டு வந்து கூடியிருந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் நல்லவராக இருப்பதற்கு அவர் பழகியிருக்கவில்லை. "ஒருத்தருக்காக மாத்துனா, நாளைக்கு எல்லாரும் கேப்பாம்ல. குழியில இருந்து வாறவ நேரா உள்ள வரப்படாது."

"குழியில இருந்து தண்ணி வருதே," என்றாள் உலகு. "அத எந்த ரூம்புல உக்கார வச்சீக? நேரா சட்டியிலதான ஊத்துதீக."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

"தண்ணி வேற," என்றார் ஆவுடையப்பன்.

"ஆமா. தண்ணிக்கு வாயி கெடையாது." அவள் கணவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதை அருகே கொண்டுவந்தாள். "ஒமக்குத்தான் அந்த விதி மனப்பாடமாச்சே. குழியில இருந்து வந்தவக வெளிய வரப்படாதுன்னு இருக்கு. மேட்டுல இருந்து ஒருத்தி உள்ள போகப்படாதுன்னு இருக்கா?"

கோமதிநாயகம் மனதுக்குள் ஒப்பித்துப் பார்த்தார். முதலிலிருந்து கடைசிவரை. பிறகு கடைசியிலிருந்து முதல்வரை. இல்லை. எழுதியவர்களுக்கு அப்படி ஒன்று தோன்றவே இல்லை. மேட்டுக்காரர் ஒருவர் தானாகப் போய் ஆற்றறையில் உட்காருவார் என்று யார்தான் நினைப்பார்கள்?

"இல்ல," என்றார்.

"பொறவு என்னத்துக்கு நிக்கீரு?"

அவர் கதவின் நெம்பியைப் பிடித்தார். ஆவுடையப்பன் பாய்ந்து வந்து அவர் தோளைப் பற்றினார். பற்றிய இடத்தில் சுருக்கென்றது; இரண்டு பேரும் கையை உதறினார்கள்.

"பாத்தியா, பாத்தியா, கதவு வழியாவே மைனஸ் கசியுது," என்றார் தலைவர், விரலைச் சூப்பிக்கொண்டு.

கோமதிநாயகம் நெம்பியை இழுத்துவிட்டார். கதவு திறந்தது. வண்டியை உள்ளே தள்ளினார். சட்டையை உலகு விடவேயில்லை. அதனால் அவரும் உள்ளே போனார். கதவு பின்னால் தானாக மூடிக்கொண்டது. இத்தனை வருஷம் வெளியே நின்று பார்த்த அறைக்குள் அவர் கால் வைத்தது அன்றைக்குத்தான். அங்கே பெஞ்சு அவ்வளவு குறுகல் என்பது அவருக்குத் தெரியாது. உட்கார்ந்தவர்களின் முதுகு பட்டுப் பட்டுச் சுவரில் எண்ணெய்க் கறை வரிசையாக இருந்தது. அதைப் பார்த்தபடி நின்றவரை டாக்டர் ஒரு அதட்டுப் போட்டார்.

"சுவரையா பாக்க வந்தீரு? தோளப் பிடியும்."

பிறகு நடந்ததை விலாவாரியாகச் சொல்ல மாட்டேன். பெற்றவர்களுக்குத் தெரியும், பெறாதவர்கள் பயந்துவிடுவீர்கள். உலகு பேசிய வார்த்தைகள் அத்தனையும் ஒலிபெருக்கி வழியாகக் கூட்டத்துக்குக் கேட்டன. சூரியனையே பெயர் சொல்லித் திட்டினாள். கடைசியில் குழந்தை வந்தது. பெண். நீலம் பாரித்துக் கிடந்தது. அழவில்லை.

டாக்டர் முதுகைத் தேய்த்தார். காலைத் தட்டினார். வாயைத் துடைத்து ஊதினார். ஒரு கையால் செம்புத் தூணில் சாய்ந்துகொண்டு மறுபடி தட்டினார். சத்தமில்லை.

வெளியே கூட்டத்திலும் சத்தமில்லை. அந்த நிசப்தத்தை ஆவுடையப்பனால் தாங்க முடியவில்லை. எதை நினைத்தாரோ, கதவைத் திறந்துகொண்டு, கம்பளத்தைத் தேய்த்தபடியே விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டார். "என்ன, மூச்சு இருக்கா? இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே குழந்தையின் பாதத்தை நோக்கி ஒரு விரலை நீட்டினார்.

விரல் படுவதற்கு முன்பே டப் என்று ஒரு நீலப்பொறி.

குழந்தை உடம்பைச் சுருட்டிக்கொண்டு, ஊரே அதிர அழுதது.

கோமதிநாயகம் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். உலகு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். டாக்டர் குழந்தையைத் துணியில் சுற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த முள்பெட்டியை எடுத்தார். குழிக்காரர் ஆறிவிட்டாரா என்று பார்ப்பதற்கான கருவி அது. முதலில் குழந்தைமேல் வைத்தார். முள் அசையவில்லை. தன்மேல் வைத்தார். அசையவில்லை. உலகு, கோமதிநாயகம், அசையவில்லை. ஆவுடையப்பனிடம் கொண்டுபோனார். பொறியோடு கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும்; மிச்சமிருந்ததற்கே முள் ஓடிப்போய்க் கடைசி ஆணியில் முட்டிக்கொண்டு நடுங்கியது.

"பெட்டி பழுது," என்றார் தலைவர்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டர். "ஒங்க ஊருல காத்து அப்பளம் மாதிரி காஞ்சு கெடக்கு, எங்க தண்ணிய சிக்கனம் பண்ணுதேன்னு. அதுல சில்க்கு வேட்டி. நைலான் கம்பளம். அதுமேல தேய்ச்சித் தேய்ச்சி ஒரு நடை. இந்த ஊருல இத்தன வருசமா அடிச்ச ஷாக்கு பூராவும் ஒங்க நடையில இருந்து வந்தது அண்ணாச்சி. சூரியனுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது."

ஆவுடையப்பன் தன் வேட்டியைப் பார்த்தார். வேட்டி அவர் காலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

உடனே மேடு திருந்திவிட்டது என்று நீங்கள் நினைத்தால், கண்ணுகளா, நீங்கள் இன்னும் எந்தச் சங்கத்திலும் உறுப்பினராகவில்லை என்று அர்த்தம். மறுநாள் கூட்டம் போட்டார்கள். முள் கடைசிவரை ஓடுவது உயர்ந்த பிறப்பின் அடையாளம் என்று ஒருவர் முன்மொழிந்தார், கைதட்டல் வாங்கினார். அடுத்த வாரமே இளவட்டங்கள் தெருவில் போட்டி போட்டுக்கொண்டு தேய்த்தார்கள். அரைநாள் விதி அப்படியே நின்றது.

சிக்கல் குழந்தையிடம்தான் வந்தது. அது மேட்டிலும் பிறக்கவில்லை, குழியிலும் பிறக்கவில்லை. முள்ளும் எந்தப் பக்கமும் சாயவில்லை. அதை எந்த ஊரில் சேர்ப்பது? ஆவுடையப்பனுக்கு அந்தக் குழந்தையின் முன்னால் ஒரு கூச்சம் வந்துவிட்டிருந்தது. அவர் எழுந்து, "வாசல்ல பொறந்த புள்ள. அத எந்தப் பக்கமும் நிறுத்தாண்டாம். அதையும், அதத் தூக்கிட்டு வாறவகளையும் தடையில்லாம விட்டுருங்க," என்று தீர்மானம் போட்டார். பெற்றவர்கள் தூக்கிக்கொண்டு போய்வருவார்கள், அத்தோடு தன் பெயரும் காப்பாற்றப்படும் என்பது அவர் கணக்கு. கதவை ஆற்றறைக்குள்தான் திறந்தார், வெளியே யாரையும் விடவில்லை என்று கோமதிநாயகத்தின் வேலையும் தப்பியது.

தீர்மானத்தின் வார்த்தைகளை முதலில் கவனித்தது குழிதான்.

குழந்தைக்குச் செல்வி என்று பெயர் வைத்தார்கள். உலகு அவளைத் தினமும் குழிக்குக் கொடுத்தனுப்பினாள். செல்விக்கு மூன்று மாதம் ஆவதற்குள் அவளைத் தூக்காத இடுப்பு குழியில் இல்லை. பிளம்பர் வருவார், ஒரு கையில் பைப்பு, ஒரு கையில் செல்வி. "தூக்கிட்டு வாரேன் தம்பி," என்பார். கோமதிநாயகம் திறப்பார். கண்ணாடிக்கடைக்காரர், வாத்தியார், தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போகிறவர், எல்லாரும் செல்வியோடுதான் வந்தார்கள். ஒருநாள் ஆறு பேர் சேர்ந்து ஒரே தொட்டிலை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். டாக்டர் பிலோமினா அவசரத்துக்கு வரும்போது குழந்தையை வாங்கி இடுக்கிக்கொண்டு ஓடி வருவார். அப்படிப் பிழைத்த உயிர்கள் மேட்டில் பல உண்டு. பிழைத்தவர்கள் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

"புள்ள வளந்துட்டா என்ன செய்வாக?" என்று சங்கத்தில் சிலர் ஆறுதல் பட்டுக்கொண்டார்கள். ஆனால் நிலாவில் ஐம்பது கிலோ மனுஷி எட்டுக் கிலோதான் கனப்பாள். செல்விக்கு வயது பத்து ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. அப்போதும் யாராவது ஒருவர் இடுப்பில் உட்கார்ந்து, பரீட்சைக்குப் படித்துக்கொண்டே கதவைக் கடந்தாள். அந்த வாசலில் அவள் கால் பதித்து ஒருநாளும் நடந்ததில்லை. "யப்பா, எனக்கு வெக்கமா இருக்கு," என்பாள் கோமதிநாயகத்திடம். "இறக்கி விட்டா அவகள நிறுத்தணும்மா," என்பார் அவர். அவள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். பிறகு அடுத்தவர் இடுப்பில் ஏறிக்கொள்வாள்.

அவளுக்குப் பதினெட்டு நடக்கும்போது ஆவுடையப்பனுக்கு நெஞ்சு அடைத்தது. கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே கம்பளத்தில் சரிந்தார். தூக்கிக்கொண்டு கதவடியில் கொண்டுவந்து கிடத்தினார்கள். குழிக்குச் சொல்லியனுப்பியாயிற்று. ஆனால் டாக்டர் பிலோமினாவுக்கு அப்போது இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. அவரால் தன்னையே தூக்க முடியாது.

வடவண்டி வந்து கொக்கியில் மாட்டிய சத்தம் கேட்டது. வெளிக்கதவு திறந்தது. ஆற்றறைக்குள் செல்வி துள்ளித் துள்ளி ஓடி வந்தாள், தன் காலால். அவள் இடுப்பில், மருந்துப் பையை மார்போடு அணைத்தபடி, டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, சீக்கிரம்," என்றார் டாக்டர். "இவ குலுக்குற குலுக்குல எனக்கே டாக்டர் வேணும்."

கோமதிநாயகம் குனிந்து, தரையில் கிடந்தவரின் காதருகே வாயை வைத்தார்.

"அண்ணாச்சி. தீர்மானத்துல செல்வியத் தூக்கிட்டு வாறவகளத்தான் விடச் சொல்லிருக்கு. செல்வி தூக்கிட்டு வந்தா என்ன செய்யணும்னு இல்லையே."

ஆவுடையப்பன் நெஞ்சைப் பிடித்தபடி கண்ணைத் திறந்தார். உதடு காய்ந்திருந்தது. "வைஸ் வெர்சான்னு..." மூச்சு வாங்கினார். "எழுதிக்கோல."

"எழுதிக்கிடுதேன் அண்ணாச்சி."

சொல்லி நிமிர்ந்தபோது டாக்டர் ஏற்கெனவே ஆவுடையப்பனுக்குப் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் கேள்வி கேட்பதற்கு முன்பே கதவைத் திறந்துவிட்டிருந்தார். கேட்டது சும்மாதான், அண்ணாச்சி வாயால் ஒருதடவை கேட்டுவிட வேண்டும் என்ற ஆசைக்கு.

செல்வி வாசற்படியில் நின்றுகொண்டு தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.